கூட யாரு வந்திருக்கா?

மதுரை பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கப் போனாலும் சரி, தனியார் மருத்துவமனை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினாலும் சரி, வயதானவரைப் பார்த்ததும் வருகிற முதல் கேள்வி "கூட யாரு வந்திருக்கா?" என்பதுதான். என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது என்பதெல்லாம் அப்புறம். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, மருந்து வாங்க வரிசையில் நிற்க, கையெழுத்துப் போட, எல்லாவற்றுக்கும் கூட வந்தவர் வேண்டும். அய்யாவுக்குப் பக்கவாதம் வந்து அவர் எங்களோடு இருந்த 2 வருடமும் அந்தக் கேள்விக்கு நான்தான் பதில். எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.

அம்மா முன்பே போய்விட்டார். கள்ளிக்குடிக்குப் பக்கத்தில் ஊரில் அய்யா தனியாகத்தான் இருந்தார். தம்பி திருப்பூரில். வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப்போன பிறகு ஆனையூரில் எங்கள் வீட்டு முன்னறைக்கு அவரைக் கூட்டி வந்தோம். நான் ஒரு பள்ளியில் கணக்குப் பார்க்கிறேன். காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாலை 5 ஆகிவிடும். இருந்த லீவு எல்லாம் முதல் 40 நாளில் தீர்ந்தது. அதன் பிறகு வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியைப் பிடித்தோம்.

அந்த அனுபவத்தை நீட்டி எழுத மனமில்லை. 8,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். முதலில் வந்த பெண் நாலாம் நாள் சொல்லாமல் நின்றுவிட்டார். அடுத்து வந்தவருக்கு 19 வயது இருக்கும். பெரியவர் ஒருவரைக் குளிப்பாட்டக் கூசிக் கூசி அழுதார், பாவம். மூன்றாவதாக வந்தவர்தான் அந்த அக்கா. மேலூர்ப் பக்கம். ஐம்பதைத் தொட்ட வயது. வந்து பையை வைத்ததும் படுக்கையைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார்.

ஏர் பெட் போட்டிருக்கிறோம், புண் வராது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா அய்யாவை ஒருக்களித்துப் பிடித்து, வேட்டியை விலக்கி, முதுகுத் தண்டு முடிகிற இடத்தைப் பார்த்தார். ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தார். சாதாரணச் சிவப்பு என்றால் அழுத்தின இடம் வெளுத்துத் திரும்பச் சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. "உள்ள புண்ணு ஆரம்பிச்சிருச்சு தங்கச்சி. தோலு விடுறதுக்குள்ள பிடிச்சிரலாம், பயப்படாத" என்றார்.

வீட்டில் இருந்த அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கினார். நாலாக மடித்து, அய்யாவின் தோளிலிருந்து தொடை வரைக்கும் வருகிற மாதிரி அடியில் விரித்தார். இனிமேல் ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது, சேலையைத்தான் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும், இழுத்தால் தோல் உரசும் என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் செய்து காட்டினார். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழுசாகச் சாய்க்காமல் கொஞ்சம் சாய்வாக. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி. கிழித்துப்போட்ட தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி ஜன்னல் கம்பியில் சொருகினார்: 8 வலது, 10 நேர், 12 இடது. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 11 நாளில் அந்தச் சிவப்பு மங்கிப்போனது.

சாப்பாடும் அப்படித்தான். நான் தண்ணீரை டம்ளரில் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு தடவையும் புரையேறும். அக்கா கஞ்சியைக் கெட்டியாக்கினார். தலையணைகளை அண்டக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, சின்ன ஸ்பூனில் பாதி பாதியாக. ஒரு வாய் முழுங்கினது தெரிந்த பிறகுதான் அடுத்தது. சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க விடமாட்டார். அந்த நேரம் முழுக்க அய்யாவிடம் பருத்திக் காட்டைப் பற்றியும் கண்மாய் பெருகின வருடங்களைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருப்பார். குழறின நாக்கோடு அய்யா பதில் சொல்வார். எனக்குப் பாதி புரியாது, அக்காவுக்கு முழுக்கப் புரியும்.

இவ்வளவும் தெரிந்த ஒருவரிடம் ஒரு சான்றிதழ்கூடக் கிடையாது. மருத்துவமனைகளில் ஆயாவாக வேலை பார்த்துக் கற்றுக்கொண்டது. 12 மணி நேரத்துக்கு நான் ஏஜென்சிக்குக் கொடுத்தது 700 ரூபாய். அக்கா கைக்குப் போனது 450. லீவு எடுத்தால் அதுவும் இல்லை. எனக்குக் கணக்குதான் தொழில் என்பதால் இந்த 250 ரூபாய் மனதில் கிடந்து உறுத்தியது. ஆள் தேடித் தர, ஆபீஸ் நடத்த, போன் பேசச் செலவு இருக்கும்தான். ஆனால் மாதம் 7,500 ரூபாய்க்கு அவர்கள் ஒரு தடவைகூட வந்து அய்யாவைப் பார்க்கவில்லை, அக்காவுக்கு எதையும் சொல்லித் தரவும் இல்லை.

ஒரு நாள் மதியம் அக்காவுக்குப் போன் வந்தது. ஊரில் அவருடைய மாமியார், 80 தாண்டியவர், கொல்லைப்புறம் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அக்கா போனை வைத்துவிட்டு, 2 மணிக்கு வலது பக்கம் திருப்ப வேண்டும் என்பதால் திருப்பிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னார். என் அய்யாவைப் பார்க்க அவர் வந்திருக்கிறார், அவர் மாமியாரைப் பார்க்க யாரும் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முதியோர் பராமரிப்பு என்று நாம் பேசுகிறபோது படுத்திருப்பவரை மட்டும்தான் பேசுகிறோம். கூட இருக்கிற ஆள் எங்கிருந்து வருகிறார், அவருக்கு என்ன கிடைக்கிறது, அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சேர்த்து யோசிக்காத எந்தத் திட்டமும் பாதியில்தான் நிற்கும்.

இந்த ஊர்ப்பக்கத்தில் பிறந்த யாரும் தலைக்கூத்தல் என்ற வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். விருதுநகர், மதுரை, தேனி மாவட்டக் கிராமங்களில், படுத்த படுக்கையான பெரியவர்களை எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக் குளிர வைத்துச் சாகவிடும் வழக்கம். அது கொலைதான், வேறு பெயர் கிடையாது. சின்ன வயதில் திண்ணையில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வீடுகளைக் கல் நெஞ்சக்காரர்களின் வீடு என்று ஒதுக்கிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. காலையில் கூலிக்குப் போனால்தான் ராத்திரி அடுப்பெரியும் வீட்டில், ஒருவர் படுத்துவிட்டால் இன்னொருவரின் கூலியும் படுத்துவிடுகிறது. மாதக்கணக்கில். ஒரு நாளைக்கு 2 மணி நேரம் வந்து திருப்பிப் போட்டு, துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டுப் போக யாராவது இருந்திருந்தால் அந்தத் திண்ணைப் பேச்சில் எத்தனை பேச்சு நடக்காமலே போயிருக்கும் என்று அய்யாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்த நாட்களில் அடிக்கடி நினைத்தேன்.

சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், மாதாமாதம் பணம் கொடுக்க உத்தரவு போடுவார்கள். கவனித்துக்கொள்வார்கள் என்று நம்பிச் சொத்தை எழுதிக்கொடுத்திருந்தால், அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால், பத்திரத்தை ரத்து செய்யவும் வழி உண்டு. 14567 என்று முதியோர் உதவி எண் இருக்கிறது. உதவித்தொகையை 2023ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கினார்கள். எல்லாமே வேண்டியவைதான், ஒன்றையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி 2 மணிக்கு எழுந்து தண்ணீர் கொடுக்க ஒரு ஆளை எந்த உத்தரவாலும் கொண்டுவர முடியாது.

ஆளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு வேலையைக் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரைக்காரர்கள் வெளியூர் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 1976ல், 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போய், அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகியவர் அவர். காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதில், முடியாதவர்களுக்கும் அதே அறுவைச் சிகிச்சை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து எட்டாத விலையில் இருந்தபோது, 1992ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி இங்கேயே செய்து விலையைப் பல மடங்கு குறைத்தார்கள். சமூகத் தொழில்முனைவு பற்றிப் பாடம் எடுக்கிற இடங்களில் எல்லாம் இதைச் சொல்கிறார்கள்.

எனக்கு அதில் பெரிதாகப் படுவது லென்ஸ் கூட இல்லை, பஸ். அறுவை இலவசம் என்று சொல்லியும் கிராமத்துப் பெரியவர்கள் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் கூலி இழப்பு, இதெல்லாம் சேர்ந்தால் இலவசம் இலவசமாக இருக்காது. அதனால் ஊருக்கு வந்து முகாம் போட்டு, புரை இருப்பவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய், தங்கவைத்துச் சோறு போட்டு, முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் அப்பத்தா அப்படிப் போனவர்தான். பள்ளிக்கூடத்தில் முகாம். அப்பத்தாவோடு எங்கள் தெருவிலிருந்தே 6 பேர் ஏறினார்கள். வீட்டிலிருந்து யாரும் போகவில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவருக்கொருவர் துணை. திரும்பி வந்து கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினார். பார்வை போனதால் 3 வருடமாக விட்டிருந்த வேலை அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே அறுவைக்கு முன்னும் பின்னும் பெரும்பாலான வேலையைச் செய்வது கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பு முடித்தவர்களை எடுத்து, 2 வருடம் பயிற்சி கொடுத்து, சம்பளத்தோடு வேலை. டாக்டரின் நேரம் மிச்சமாகிறது, அந்தப் பெண்ணுக்கு ஒரு தொழில் கையில் கிடைக்கிறது. வீட்டுப் பராமரிப்பில் அந்த அக்காவைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு பயிற்சியும் பெயரும் ஏன் கிடைக்கவில்லை? கேள்வி நியாயமானதுதானே.

அரசுப் பக்கத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இதே திசையில் ஒரு நல்ல அடி. 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கினார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்திருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. மாத்திரைப் பையோடு வருகிறவர் பெரும்பாலும் மகளிர் குழுவைச் சேர்ந்த, அதே ஊர்ப் பெண். ஊரில் எங்கள் சித்தப்பாவுக்கு இதனால்தான் பிரஷர் மாத்திரை விட்டுப்போகாமல் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் வீடு வீடாகப் போக வேண்டும், ஒரு வீட்டில் உட்கார நேரம் கிடையாது.

அந்த நேரத்தைத்தான் கேரளாவில் வேறு மாதிரி தேடியிருக்கிறார்கள். 1993ல் கோழிக்கோட்டில் வலி நிவாரணத்துக்கென்று தொடங்கின அமைப்பிலிருந்து, பின்னால் மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்துக் குழுக்கள் கிளம்பின. கடைக்காரர், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லாம் பயிற்சி எடுத்துக்கொண்டு, படுத்திருப்பவர்களைப் போய்ப் பார்ப்பார்கள். ஐந்தும் பத்துமாக ஊரே காசு போட்டது. அரசு 2008ல் அதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது.

ஜப்பானில் இன்னொரு வழி. ஒசாகாவில் 1973லேயே மிசுஷிமா தெருகோ என்ற பெண் உழைப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். இன்றைக்கு நீ ஒருவருக்கு 2 மணி நேரம் உதவினால் அந்த 2 மணி நேரம் உன் கணக்கில் ஏறும், உனக்குத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். பிறகு அங்கே பரவின ஃபுரேஆய் கிப்பு என்ற முறையில், சேர்த்த மணி நேரத்தை வேறு ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் மாற்றிக் கொடுக்க முடிகிறது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கிற மதுரை வீடுகளை நினைத்துப் பாருங்கள். பெங்களூரில் ஒரு பையன் அங்கே ஒரு பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறான், அந்தக் கணக்கில் இங்கே அவன் அம்மாவோடு ஒருவர் போகிறார். நடக்காத காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நெதர்லாந்தில் யோஸ் டி பிளாக் என்ற நர்ஸ் 2006ல் தொடங்கின, வீடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் பூர்ட்ஸோர்க் அமைப்பைப் பற்றிப் படித்தபோது இரவெல்லாம் தூக்கமில்லை. குளிப்பாட்ட இத்தனை நிமிடம், ஊசி போட இத்தனை நிமிடம் என்று வேலையைத் துண்டு துண்டாக்கி நர்ஸ்களை ஓடவிட்டுக்கொண்டிருந்ததை எதிர்த்து வெளியே வந்தவர். அதிகம் போனால் 12 நர்ஸ்கள் ஒரு குழு. மேலாளர் கிடையாது. யார் எந்த வீட்டுக்கு, எந்த நேரம், எல்லாம் அவர்களே பேசிக்கொள்கிறார்கள். 4 பேரில் தொடங்கி ஆயிரக்கணக்கில் வளர்ந்துவிட்டார்கள். நிர்வாகச் செலவு குறைவு என்பதால் காசு வேலைக்கே போகிறது. என் மனதில் அந்த 250 ரூபாய் திரும்ப வந்து நின்றது.

பெண்கள் கூடிக் கணக்கு வைத்து நடத்துவது மதுரைக்குப் புதிது கிடையாது. பெண்கள் சேர்ந்து சேமித்துக் கடன் எடுக்கும், தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்கள் இங்கேதான் வேர்விட்டன. அழகர்கோவில் பக்கம் பில்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா, கூலி வேலை செய்தவர், அந்தக் குழுக்களை ஊர் ஊராகக் கட்டி எழுப்பினார். 2001ல் டெல்லியில் விருது கொடுத்த மேடையில் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினதை டிவியில் பார்த்த நாள் எங்கள் ஊர்ப் பெண்கள் யாருக்கும் மறக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர மாவட்டங்களில் பெரியவர்களையே வைத்து முதியோர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது ஹெல்ப்ஏஜ் இந்தியா. வட்டிக்காரனிடம் போகாமல் சேமிக்கவும் கடன் எடுக்கவும் தெரிந்த பெண்களுக்கு, பராமரிப்பு வேலையையும் சொந்தமாக எடுத்து நடத்தத் தெரியாதா?

அய்யா போன வருடம் தை மாதம் போனார். முதுகில் ஒரு புண் இல்லாமல் போனார். அதை எழுதும்போது எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கிறது.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அக்காவும் நானும், எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் அம்மாவும் எங்கள் வீட்டு முன்னறையில், அய்யாவின் கட்டில் கிடந்த இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பேசினோம். அக்காவுக்குத் தெரிந்த, இதே வேலை பார்க்கும் 6 பேர் அடுத்தடுத்து வந்தார்கள். இப்போது 7 பேர், 5 வீடு. வீட்டுக்காரர் கொடுப்பது 650 ரூபாய். வேலை செய்கிறவருக்கு 600. மிச்சம் 50 பொதுக் கணக்கில். மாதம் 2 நாள் சம்பளத்தோடு லீவு அந்தக் கணக்கிலிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை 3 மணியிலிருந்து 5 மணி வரை நர்ஸ் அம்மா வகுப்பு எடுக்கிறார். போன வாரம் சிறுநீர்ப் பை மாற்றுவது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் துணைக்குப் போய் வருவதற்குத் தனிக் கணக்கு, அரை நாளுக்கு 250 ரூபாய். கொடுக்க முடியாதவர்களுக்குப் பொதுக் கணக்கிலிருந்து. மேலூரில் அக்காவின் மாமியாருக்குத் தினம் ஒரு வேளை போய்ப் பார்த்து வர அந்த ஊரிலேயே ஒரு பெண்ணைப் பேசியிருக்கிறோம். அந்தச் செலவையும் 5 வீடும் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே நான் சண்டை போட்டு எழுதவைத்தேன். இரண்டு வீட்டில் முகம் சுளித்தார்கள், பிறகு சரி என்றார்கள்.

7 பேர் இருந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். அதற்கான விண்ணப்பத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரிதான் இன்னும் சரியாகவில்லை. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு பேருக்குக் கொடுக்க எங்கள் 5 வீட்டில் 1 வீட்டால்தான் முடிகிறது. மற்ற வீடுகளில் மகளோ மருமகளோ பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு 12 மணிக்கும் 2 மணிக்கும் 4 மணிக்கும் அலாரம் வைத்து எழுகிறார்கள். அடுத்தடுத்து இருக்கும் 2 வீட்டுக்குச் சேர்த்து ஒரு ஆளை வைத்தால், அவர் ஒரு வீட்டில் 12 மணிக்குத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்று அக்கா சொல்கிறார். நடுராத்திரியில் ஒரு பெண் தெருவில் நடந்து வர முடியுமா, எந்த வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது, சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார் நர்ஸ் அம்மா. இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் அதைத்தான் பேச வேண்டும்.